எட்டாம் முளை

“காக்கா வர மாட்டேங்கு, அம்மா.”

பத்தொன்பது வருஷம் கழித்து வந்த மனிதர் வாயைத் திறந்து முதலில் சொன்னது இதுதான். நல்லா இருக்கீங்களா என்று ஒரு வார்த்தை கிடையாது.

முற்றத்தில் உட்கார்ந்து சுளகில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த செண்பகவடிவு நிமிர்ந்து பார்த்தார்.

“கோமதிநாயகம் அண்ணாச்சியா? தலைமுடியெல்லாம் எங்க போச்சு?”

“அது போச்சு.”

“சரி, அங்கனயே நில்லுங்க. கால்ல முளை இடறிரப் போகுது.”

கோமதிநாயகம் குனிந்து பார்த்தார். பெருவிரலுக்கு ஒரு சாண் முன்னால் மண்ணிலிருந்து ஒரு மரமுளை நீட்டிக்கொண்டிருந்தது. வேப்பெண்ணெய் பூசிப் பூசிக் கன்னங்கரேலென்று இருந்தது. அதன் தலையில் சம்மட்டி பட்ட காயம் இன்னும் தெரிந்தது.

அந்தக் காயம் அவர் போட்டது.

“இதை இன்னுமா பிடுங்கல?”

“அடிச்சவரு கைதானே பிடுங்கணும்.”

*

மலையடிவாரத்து அந்த முற்றத்துக்கு அவர் முதன்முதலில் வந்தபோது வயது முப்பத்து நான்கு. ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்த மனிதர், மந்திரம் படிக்கப்போகிறேன் என்று ஒரு நாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். மனைவி பூரணம் தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்ட கையோடு, வழிக்குப் பசிக்குமே என்று பூவரச இலையில் வைத்து அவித்த கொழுக்கட்டை பத்தைக் கட்டியும் கொடுத்தாள்.

அவர் படிக்க வந்தது திக்குக்கட்டு.

எட்டுத் திசைக்கும் எட்டு முளை. ஒவ்வொன்றையும் மந்திரம் சொல்லி அடிக்க வேண்டும். அடித்து முடித்தால், வீடோ வயலோ, முளைக்கு முளை ஒரு கோடு விழும்; வெளியே இருப்பது அதைத் தாண்டி உள்ளே வராது. உள்ளே இருப்பது வெளியே போகாது. முளை அடித்தவர் மட்டும் போய்வரலாம். இதை முறையாகத் தெரிந்தவர் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே ஒருவர்தான். அப்பாவிடம் படித்துக்கொண்ட செண்பகவடிவு. வடிவம்மாள் என்றால் எல்லோருக்கும் தெரியும். கோமதிநாயகத்தைவிட நாலு வயது இளையவர்.

ஊர் சிரித்தது. குரு சிஷ்யனை ‘அண்ணாச்சி’ என்கிறார், சிஷ்யன் குருவை ‘அம்மா’ என்கிறான். சிரிக்காமல் என்ன செய்யும்?

ஆனால் அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு வராது.

விடியற்காலையில் ஓடையில் முங்கி எழுந்தால் பல் தந்தியடிக்கும். ஒரு மண்டலம் முழுக்க உப்பில்லாத கூழ். மந்திரத்தை ஒரு தடவை சொன்னால் ஒரு உரு. இலட்சம் உரு ஏற்ற வேண்டும். ஒவ்வொரு உருவுக்கும் ஒரு புளியங்கொட்டை இந்தப் பானையிலிருந்து அந்தப் பானைக்குப் போகும். நடுவில் கொட்டாவி விட்டால் அன்றைய கொட்டை மொத்தமும் பழைய பானைக்கே திரும்பிவிடும்.

ஒரு நாள் கொட்டாவியை மென்று விழுங்கிவிட்டார். வடிவம்மாள் எழுந்து வந்து பானையைக் கவிழ்த்தார்.

“நான் வாயே திறக்கலையே, அம்மா.”

“கண்ணுல தண்ணி வந்துது.”

அன்றைக்கு அவர் அழாத குறை. வடிவம்மாளின் அம்மா ஆவுடையாச்சிதான் அந்தப் பக்கமாக வந்து, யாரும் பார்க்காதபோது ஒரு லோட்டா சுக்குக் காப்பியை நீட்டினார்.

“எலே கோமதி, மந்திரமாவது மண்ணாங்கட்டியாவது. முதல்ல இதைக் குடி.”

கருப்பட்டி போட்ட அந்தக் காப்பியின் சூடு இன்னும் அவர் நாக்கில் இருக்கிறது.

இரண்டாவது வருஷக் கடைசியில் வடிவம்மாள் சொன்னார்:

“இந்த முற்றத்தைக் கட்டுங்க, பாப்போம். எட்டி மரத்துல எட்டு முளை. நல்லாக் காஞ்ச வைரமா இருக்கணும். பச்சை கூடாது. கடைசி வரியை மறந்துராதீங்க.”

கடைசி வரி இது: *இது என் கட்டல்ல, என் குரு செண்பகவடிவின் கட்டு.*

கோமதிநாயகம் கட்டினார். எட்டு முளையும் அடித்தார். எட்டு தடவையும் கடைசி வரியைச் சொன்னார். வடிவம்மாள் முற்றத்தைச் சுற்றி வந்தார். வடகிழக்கு மூலையில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வந்து உட்கார்ந்தார்.

“நாளையிலேர்ந்து அவிழ்ப்பு படிக்கணும், அண்ணாச்சி.”

“அது எவ்வளவு நாளு?”

“மூணு வருசம்.”

“கட்டுக்கு ரெண்டு, அவிழ்க்க மூணா?”

வடிவம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போனார்.

மறுநாள் காலை சிஷ்யர் இல்லை. மேற்கே ஒரு வாழைத்தோட்டத்துக்காரர் பன்றித் தொல்லை தாங்காமல் கட்டுப்போட ஆள் தேடிக்கொண்டிருந்தார். கட்டத் தெரிந்த பிறகு அவிழ்க்கப் படிப்பானேன் என்று கோமதிநாயகம் நினைத்தார். அந்த வயதில் யார்தான் நினைக்க மாட்டார்கள்?

அதன்பிறகு பத்தொன்பது வருஷம் அவர் காட்டில் மழை. கட்டுக்கார கோமதிநாயகம் என்றால் நாற்பது ஊருக்குத் தெரியும். மூன்றாவது வருஷமோ நாலாவது வருஷமோ, கடைசி வரி அவர் வாயில் தானாகச் சுருங்கிப்போனது.

*இது என் கட்டு.*

*

“காக்கா எங்க வரல?” என்று வடிவம்மாள் கேட்டார்.

“எங்க வீட்டுல. பூரணத்துக்குத் திதி குடுத்தேன். ரெண்டு வருசமாக் குடுக்கேன். சோத்தை வச்சிக் கூப்பிட்டா மதில் மேல வந்து உக்காருது. பாக்குது. உள்ள இறங்க மாட்டேங்கு.”

வடிவம்மாள் சுளகைக் கீழே வைத்தார்.

“மதினி போயிட்டாகளா?”

“ஆச்சு, மூணு வருசம் ஆகப்போவுது.”

“வீட்டைக் கட்டிட்டீங்களாக்கும்.”

கோமதிநாயகம் முளையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“சுடுகாட்டுலேர்ந்து வந்து தலைமுழுகின ஈரத்தோட கட்டினேன். எட்டு முளை. அவ உசிரு வீட்டை விட்டுப் போயிரக் கூடாதுன்னு. அன்னைக்கி எனக்கு வேற ஒண்ணும் தோணல, அம்மா. இப்ப அவ உள்ளயே கிடக்கா. காக்கா வந்து எடுத்தாத்தானே அவ போய்ச் சேர்ந்தான்னு அர்த்தம்? மதில்ல உக்காந்து அது என்னையப் பாக்கும்போது அவளே பாக்குற மாதிரி இருக்கு.”

“கடைசி வரியில யாரு பேரு?”

அவர் குனிந்து முளையின் தலையைத் தடவினார்.

“யாரு பேரு, அண்ணாச்சி?”

“என் பேரு.”

“அப்ப நீங்கதான் அவுக்கணும்.”

“எனக்கு அவுக்கத் தெரியாதே!”

சத்தமாகச் சொல்லிவிட்டார். மூலையில் நின்ற பூவரச மரத்திலிருந்து ஒரு காகம் சுளகுக்குப் பக்கத்தில் இறங்கிச் சிதறிய கேழ்வரகைக் கொத்தியது. கோமதிநாயகம் அதையே பார்த்தார். இங்கே மட்டும் வருகிறதே என்று அவருக்கு வயிறு எரிந்தது.

“இந்தப் பூவரசு எப்ப வச்சீங்க? அப்ப இல்லையே.”

“நான் வைக்கல.”

ஒரு கோழி முளையைத் தாண்டி வெளியே போய், எதையோ கிளறிவிட்டுத் திரும்ப உள்ளே வந்தது.

“சரி, ஓடைப் பக்கம் போவமா, அம்மா? கால் கழுவிட்டு வந்து விவரமாச் சொல்லுதேன்.”

“நீங்க போயிட்டு வாங்க. நான் ஓடைக்குப் போயிப் பத்தொன்பது வருசமாச்சு. கிணத்துலதான் குளிக்கேன்.”

ஓடை அங்கிருந்து இருபது எட்டுகூட இருக்காது. தண்ணீர்ச் சத்தம் நன்றாகவே கேட்டது. கோமதிநாயகத்துக்கு விஷயம் மெல்லத்தான் உறைத்தது.

“கோட்டைத் தாண்டலையா?”

“இல்ல.”

“இத்தனை வருசமுமா?”

“கட்டு இருக்குல்லா?”

“ஆச்சி எங்க? சுக்குக் காப்பி ஆச்சி?”

“அண்ணன் வீட்டுல இருந்தாக. அங்கனயே போயிட்டாக. ஏழு வருசமாகுது.”

“நீங்க போகல?”

“இந்த வழியாத்தான் தூக்கிட்டுப் போனாங்க. அந்தா, அந்தக் கல்லுகிட்ட ஒரு நிமிசம் இறக்கி வச்சாங்க. நான் இங்கன நின்னு கும்பிட்டேன்.”

அந்தக் கல்லுக்கும் கோட்டுக்கும் நடுவே நாலு முழம்கூட இல்லை. கை நீட்டினால் தொட்டிருக்கலாம். கோமதிநாயகம் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

“கோழி தாண்டுது, அம்மா! நீங்க தாண்டக் கூடாதா?”

“கோழியா உங்களுக்குச் சொல்லிக் குடுத்துது?”

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவ்வளவு அழுகைக்கு நடுவிலும் கோமதிநாயகத்தின் மனசுக்குள் ஒரு மூலை லேசாக நிமிர்ந்து உட்கார்ந்தது. குருவையே பத்தொன்பது வருஷம் நிறுத்தி வைத்த கட்டு. நாம் போட்ட கட்டு. எப்பேர்ப்பட்ட கட்டு!

“அவிழ்ப்பு சொல்லித் தாங்க, அம்மா.”

“மூணு வருசம்.”

“திதிக்கு இருபது நாளுதான் இருக்கு!”

“மூணு வருசம், அண்ணாச்சி.”

“அவ இன்னும் மூணு வருசம் உள்ள கிடக்கணுமா?”

“அரைகுறையா அவுத்தா வாசப்படியில நிப்பாக. உள்ளயும் இல்லாம வெளியவும் இல்லாம. அது உங்களுக்குச் சம்மதமா?”

கோமதிநாயகம் கொஞ்ச நேரம் வழியைப் பார்த்தார், கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

வடிவம்மாள் அடுப்படிக்குப் போய்ப் பழைய பானைகள் இரண்டையும் எடுத்துவந்து வைத்தார். ஒன்றில் புளியங்கொட்டை அப்படியே இருந்தது.

*

அவிழ்ப்புக்குப் புது மந்திரம் எதுவும் இல்லை. அதே மந்திரத்தைக் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்குச் சொல்ல வேண்டும். நாக்கு அதற்குப் பழகவே ஒரு வருஷம் ஓடிப்போனது. நடுவில் ஐப்பசி வந்தது. பூரணத்தின் திதி வந்தது.

“போயிட்டு வாரீங்களா?”

“போயி என்ன செய்ய? காக்காகூட மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கவா?”

அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. வடிவம்மாளும் சாப்பிடவில்லை.

இரண்டாவது வருஷம் முளையைத் தொட விட்டார்.

“அடிக்கையில மனசுல என்ன நெனச்சீங்களோ, அதைச் சொல்லுங்க. அது வந்தாத்தான் முளை வரும்.”

கோமதிநாயகம் கிழக்கு முளையைப் பிடித்துக் கண்ணை மூடினார்.

“ஆண்டவனை நெனச்சேன்.”

இழுத்தார். முளை அசையவில்லை.

“குருவை நெனச்சேன்.”

அசையவில்லை.

ஒரு மாதம் இப்படியே போயிற்று. நல்ல நல்ல நினைப்பாகத் தேடிப்பிடித்துச் சொன்னார். முளை மாடு மாதிரி நின்றது. ஒரு நாள் மத்தியானம், வெயிலில் பசித்துப்போய் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று சிரித்தார்.

“அம்மா, இன்னைக்கிக் கூழா களியான்னு நெனச்சேன். அம்புட்டுதான்.”

முளை கையோடு வந்துவிட்டது. வடிவம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டு பேரும் அப்படிச் சிரித்து இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும்.

தென்கிழக்கில் வாழைத்தோட்டத்துக்காரர் இருந்தார். கட்டி முடிக்கும் முன்னாலேயே அவரிடம் வாக்குக் கொடுத்திருந்தார் என்பதை முளையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டியிருந்தது. தெற்கே பூரணம் இருந்தாள். முதல் கட்டுப் போட்டதும் அவளுக்கு ஒரு மாம்பழக் கலர் சேலை எடுக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்திருந்தார். எடுத்தாரா? எடுத்தார். அவள் அதைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தது ஞாபகம் வந்தது. முளை வந்த பிறகும் அவர் வெகுநேரம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

மேற்கு முளைதான் பாடாய்ப் படுத்தியது. என்ன நினைத்தோம் என்பது அவருக்கு முதல் நாளே தெரியும். சொல்லத்தான் நா எழவில்லை. பதினோரு மாதம் அந்த முளையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“சொல்லுங்க, அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியாத மாதிரியும் தெரியல.”

தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

“இந்தப் பொம்பளைக்கு அவ அப்பன் என்னத்தச் சொல்லிக் குடுத்திருக்கப் போறான்னு நெனச்சேன்.”

“அதான் இம்புட்டு ஆழமா இறங்கியிருக்கு,” என்றார் வடிவம்மாள். கோபமே இல்லை.

இரண்டு திதி போனது. மூன்றாவதும் போனது. ஏழு முளைகள் அடுப்பங்கரை மூலையில் சாத்தியிருந்தன.

எட்டாவதைக் காணோம்.

*

வடகிழக்கு மூலையில் அந்தப் பூவரச மரம்தான் நின்றது. கட்டிப்பிடித்தால் கைக்கு அடங்காத மரம். மஞ்சள் பூவும் சிவந்து வாடிய பூவுமாகக் கீழே கிடக்கும். கோழிகள் எல்லாம் அதன் நிழலில்தான்.

“மரம் முளையை முழுங்கிட்டு போல, அம்மா.”

“நெனச்சுப் பாருங்க.”

வேரைச் சுற்றித் தோண்டினார். எட்டி மரத் துண்டு எதுவும் அகப்படவில்லை. மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து யோசித்தார். ஏழு முளையை அடித்தது கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. எட்டாவதை அடித்த கை மட்டும் இருட்டாக இருக்கிறது. ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. அடுத்த திதிக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை.

புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் பிற்பகல் மழை பிடித்தது. கோமதிநாயகம் மரத்தடியிலேயே ஒதுங்கினார். காற்றில் ஒரு கொப்பு முறிந்து விழுந்தது. எடுத்துப் போடலாம் என்று பிடித்தவரின் கையில் பட்டை உரிந்து வந்தது. இலை கசங்கியது.

அந்த வாசனை வந்தது.

பூரணம் இட்லிச் சட்டியைத் திறக்கிற வாசனை. பூவரச இலை வெந்து, உள்ளே அரிசிமாவும் வெல்லமும் வெந்து, புகை முகத்தில் அடிக்க அவள் “ஆறட்டும், அதுக்குள்ள என்ன அவசரம்?” என்று கையைத் தட்டிவிடுகிற வாசனை.

இந்த முற்றத்தைக் கட்டிய அன்றைக்கும் இதே வாசனைதான் வந்தது.

எட்டி மரத்தில் ஏழு முளைதான் தேறியது. எட்டாவதுக்கு மறுபடி மலையேற வேண்டும். ஓடைக்கரையில் யாரோ வெட்டிப் போட்ட பூவரசங்கம்பு ஒன்று கிடந்தது. பச்சைக் கம்பு. பட்டையை உரித்தபோது வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. கூர் சீவி, மற்ற ஏழையும் போலவே கரி பூசி, ஓங்கி ஓங்கி அடித்தார். அடிக்கும்போது மனசில் இருந்தது ஒரே நினைப்பு.

கோமதிநாயகம் மழையில் நனைந்தபடி முற்றத்தைக் கடந்து போய் வடிவம்மாள் முன்னால் நின்றார்.

“யாருக்குத் தெரியப் போகுதுன்னு நெனச்சேன், அம்மா.”

வடிவம்மாள் நிமிர்ந்தார்.

“அது எட்டி இல்ல. பூவரசு. பச்சைக் கம்பு. என் முளைதான் அங்க முளைச்சு நிக்குது.”

“ஆமா.”

“அப்ப அன்னைக்கிக் கட்டு விழலையா?”

“விழல.”

“ஒரு நாளுகூட?”

“ஒரு நாளுகூட இல்ல.”

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“நீங்க கட்டி முடிச்சதும் சுத்தி வந்தேன்லா, அப்பவே. கரி பூசினா வாசனை போயிருமா?”

கோமதிநாயகம் ஓடைப் பக்கம் கையைக் காட்டினார்.

“கட்டே இல்லைன்னு தெரிஞ்சும் ஏன் தாண்டல? ஓடைக்குப் போகல. ஆச்சியைத் தொட்டுக் கும்பிடல. எதுக்கு அம்மா?”

“கடைசி வரியில என் பேரைச் சொன்னீங்களே, அண்ணாச்சி. என் பேருல போட்ட கட்டை நானே தாண்டலாமா?”

மழை பெய்துகொண்டே இருந்தது.

கோமதிநாயகம் மரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“அந்த மரத்தை நான் எப்படிப் பிடுங்குவேன்?”

“முளைச்சதை எதுக்குப் பிடுங்கணும்? சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டீங்கல்லா.”

வடிவம்மாள் எழுந்தார். மரத்தடிக்குப் போய், கை நீட்டி நல்ல இலையாக நாலைந்து பறித்துக்கொண்டார். சேலை முந்தியில் துடைத்தார். அப்புறம், ஏதோ கடைக்குப் போகிறவரைப் போலக் கோட்டைத் தாண்டி வெளியே போனார்.

அந்தக் கல்லருகே ஒரு நிமிஷம் நின்றார். கல்லைத் தொட்டார். பிறகு ஓடையில் இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்றார். கோமதிநாயகம் கரையிலேயே நின்றுகொண்டார். கிட்டே போக அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

“மதினிக்குத் திதி என்னைக்கி?” என்று தண்ணீரிலிருந்து வடிவம்மாள் கேட்டார்.

“மூணு நாளுதான் இருக்கு.”

“நானும் வாரேன்.”

*

வீட்டில் எட்டு முளையும் அசல் எட்டி. வைரம் பாய்ந்தவை. கட்டுக்கார கோமதிநாயகம் பதினாறு வருஷப் பழக்கத்தில் அடித்த முளைகள்.

ஆனால் பிடுங்க அரை நாள்கூட ஆகவில்லை. அடித்தபோது என்ன நினைத்தார் என்பதை அவர் தேடவே வேண்டியிருக்கவில்லை. எட்டுக்கும் ஒரே பெயர்தான். ஒவ்வொரு முளையாகப் பிடித்துப் “பூரணம்” என்றார், ஒவ்வொன்றும் வந்தது.

வடிவம்மாள் கொண்டுவந்திருந்த பூவரச இலைகளை மதிலுக்கு உள்ளே, துளசிமாடத்துக்குப் பக்கத்தில் விரித்தார். சோறு, பருப்பு, நெய், எள்ளு. ஓரத்தில் ஒரு கொழுக்கட்டை.

மதில் மேல் காகம் வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது.

“கூப்பிடுங்க, அண்ணாச்சி.”

கோமதிநாயகம் இலையைப் பார்த்தார். வீட்டைத் திரும்பிப் பார்த்தார். கொடியில் அந்த மாம்பழக் கலர் சேலை மடித்துப் போட்டபடியே கிடந்தது.

“நீங்க கூப்பிடுங்க, அம்மா. எனக்கு வாய் வரல.”

“கட்டினவருதான் கூப்பிடணும்.”

“கூப்பிட்டா அவ போயிருவாளா?”

“போயிருவாக.”

“திரும்ப மாட்டாளா?”

“மாட்டாக.”

கோமதிநாயகம் மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். இரண்டு எட்டு முன்னால் போய்க் கையைத் தூக்கினார்.

“கா,” என்றார்.